பெயரை அப்புறம் பார்ப்போம், முதலில் வேலை என்னவென்று முடிவு செய்யுங்கள்

நீங்கள் கேட்ட கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் கோப்பைக்கு மோதிய ஃபுட்பால் கிளப், நான்கு சீசனாகச் சரிந்துகொண்டே வருகிறது. இரண்டு வருடத்தில் மூன்று மேனேஜர்கள், அதாவது தலைமைக் கோச்சுகள், வந்து போயாயிற்று, இந்த முறை டேபிளில் பதின்மூன்றாவது இடம், இப்போது நாற்காலி மறுபடி காலி. கோப்பைகள் ஜெயித்த பெரிய பெயரைக் கூப்பிடுவதா, எல்லோரும் பேசுகிற இளம் கோச்சையா, ரசிகர்கள் இன்றும் கொண்டாடுகிற பழைய கேப்டனையா?

இந்த மூன்றில் எதை எடுத்தாலும் தப்பாகப் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது, ஏனென்றால் மூன்றுமே ஆளைப் பற்றிய கேள்விகள். ஆளைத் தேடும் முன்னால் அவருக்குக் கொடுக்கப்போகிற வேலை என்னவென்று கிளப்புக்குத் தெரிய வேண்டும். சரிந்துகொண்டிருக்கும் கிளப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தெரியாது. இன்டர்வியூவுக்கு வந்தவர் எதைச் சொல்கிறாரோ அதுவே கிளப்பின் திட்டமாகிவிடும், அவர் போனதும் திட்டமும் கூடவே போய்விடும், அடுத்தவர் வந்து வேறொன்றைச் சொல்வார்.

வேலை இரண்டு வகை. தீயணைப்பது ஒன்று, வீடு கட்டுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியாது என்பதில்லை, ஆனால் இரண்டுக்கும் வேண்டிய குணங்கள் வேறு. டிசம்பரில் கீழிருந்து மூன்றாவது இடத்தில் நிற்கிற அணிக்கு, இரண்டு வாரத்தில் டிஃபென்ஸை ஒழுங்குபடுத்தி, எளிமையான ஒரு ஆட்டமுறையை மனதில் பதியவைத்து, முப்பத்தைந்து நாற்பது பாயிண்ட் வரை இழுத்துக்கொண்டு போகிறவர் வேண்டும். பதின்மூன்றாவது இடத்தில் முடித்து மே மாதம் கையில் வைத்திருக்கிற கிளப்புக்கு அப்படிப்பட்டவர் தேவையே இல்லை, ஆனாலும் பயத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ராய் ஹாட்ஜ்சன் என்ற இங்கிலாந்து மேனேஜரை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 டிசம்பர் கடைசியில் ஃபுல்ஹம் கிளப்புக்கு வந்தார். அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் நிலையில் இருந்தது. 2008 மே மாதம் கடைசி நாள் ஆட்டம் போர்ட்ஸ்மவுத்தில், 76வது நிமிடத்தில் டேனி மர்ஃபி தலையால் முட்டி அடித்த கோல், 1-0. ரெடிங் அணியும் அதே 36 பாயிண்ட் எடுத்திருந்தது, கோல் வித்தியாசத்தில்தான் ஃபுல்ஹம் தப்பியது. அடுத்த சீசன் அதே கிளப் ஏழாவது இடம், அதற்கடுத்து 2010இல் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையான யூரோப்பா லீக்கின் ஃபைனல். அந்த மனிதர் அதே 2010 கோடையில் லிவர்பூலுக்குப் போனார், ஆறு மாதம் தாங்கவில்லை, 2011 ஜனவரியில் அணி பன்னிரண்டாவது இடத்தில் இருக்கும்போது விலகினார். கோச்சிங் அறிவு ஆறு மாதத்தில் எங்கும் போய்விடாது. நான்கு பேர் நான்கு பேராக இரண்டு வரிசையில் நெருங்கி நின்று, எதிரியைத் தவறு செய்யவைத்துப் பந்தைப் பறிக்கிற ஆட்டம் அவருடையது. லிவர்பூலுக்கு எதிராக ஆடவந்த அணிகள் எல்லாம் தாங்களே பின்னால் போய் உட்கார்ந்துகொண்டன, பூட்டிய கதவைத் திறக்கிற வேலை லிவர்பூலுக்கு வந்தது. போதாததற்கு கிளப்பை விற்பதா வேண்டாமா என்ற சண்டை மேலே நடந்துகொண்டிருந்தது. ஆள் அதே ஆள்தான், வேலை மாறிவிட்டது.

ஸ்பெயின் கோச் உனாய் எமெரி கதை இதற்கு நேர்மாறான திசையில் ஓடுகிறது. 2019 நவம்பரில் ஆர்சனல் அவரை வெளியே அனுப்பியது, அப்போது அவரைப் பற்றி எழுதியதைப் படித்திருந்தால் இங்கிலாந்தில் இன்னொரு வேலை கிடைக்கும் என்றே தோன்றியிருக்காது. செவியாவில் மூன்று யூரோப்பா லீக் ஜெயித்தவர், 2021இல் வில்லாரியலுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். 2022 அக்டோபர் கடைசியில் ஆஸ்டன் வில்லா அவரை எடுத்தபோது அணி கீழிறங்கும் இடங்களுக்குப் பக்கத்தில் தவித்துக்கொண்டிருந்தது. அந்த சீசனே ஏழாவது இடம், அடுத்தது நான்காவது, அதனால் ஐரோப்பாவின் முதல்நிலைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் இடம். நாள் முழுக்க வீடியோ பார்த்து ஒவ்வொரு எதிரிக்கும் தனித்தனியாகத் தயார் செய்கிற மனிதருக்கு, அந்த உழைப்பை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்த ஸ்குவாடும் முழு அதிகாரம் கொடுத்த நிர்வாகமும் கிடைத்தன. ஆக ஒரு கோச்சை ஒரு கிளப் துரத்திவிட்டது என்பது உங்கள் பட்டியலிலிருந்து அவரை அடிப்பதற்குக் காரணம் ஆகாது, எதனால் அங்கே ஒட்டவில்லை என்று கேட்பதற்குத்தான் காரணம்.

சரி, இன்னொரு மயக்கத்தை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். புது மேனேஜர் வந்ததும் நான்கைந்து ஆட்டம் வரிசையாக ஜெயிப்பார்களே, அது. மேனேஜரை மாற்றுவது எப்போது நடக்கிறது? அணி தன் உண்மையான தரத்துக்கும் கீழே விழுந்திருக்கும்போது, அதாவது துரதிர்ஷ்டமும் காயங்களும் கடினமான எதிரிகளும் ஒன்றுசேர்ந்து அடித்த பிறகு. அதற்கப்புறம் எதுவும் செய்யாமலே கொஞ்சம் மேலே வரும். நெதர்லாந்து லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்ததை பாஸ் டெர் வீல் என்ற பொருளாதார ஆய்வாளர் எடுத்துப் பார்த்தார். மேனேஜரை மாற்றிய அணிகள் மீண்டது போலவே, அதே அளவு சரிந்தும் மாற்றாமல் இருந்த அணிகளும் மீண்டிருந்தன. ஆகவே இடைக்கால மேனேஜர் நாலு ஆட்டம் ஜெயித்துவிட்டார், அவரையே நிரந்தரமாக்கலாம் என்ற குரல் கிளப்புக்குள் எழும்போது காதை மூடிக்கொள்ளுங்கள். 2018 டிசம்பரில் சோல்ஷார் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குத் தற்காலிகமாக வந்து முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்தார், 2019 மார்ச் கடைசியில் நிரந்தரமாக்கினார்கள். கோடை வரை இரண்டு மாதம் பொறுத்திருந்தால், ஏற்கெனவே கீழே இறங்கிவிட்ட ஹடர்ஸ்ஃபீல்டோடு டிரா செய்ததையும், கடைசி நாளில் அதே கதியில் இருந்த கார்டிஃபிடம் சொந்த மைதானத்தில் 0-2 என்று தோற்றதையும் பார்த்துவிட்டு நிதானமாக முடிவு செய்திருக்கலாம். சோல்ஷார் மோசம் என்று சொல்ல வரவில்லை, அவர் அணியை அதற்கடுத்த இரண்டு சீசனில் மூன்றாவது, இரண்டாவது என்று ஏற்றியவர். நிதானமாக வேறு ஆட்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிற வாய்ப்பை கிளப் தானே கைவிட்டது, அதைத்தான் சொல்கிறேன்.

இப்போது ஆளை எப்படிப் பார்ப்பது. இங்கேதான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் பெரும்பாலான கிளப்புகள் கோட்டைவிடுவது இங்கேதான்.

டேபிளில் எந்த இடம், எத்தனை கோப்பை என்பதைப் பார்க்காதீர்கள் என்று சொன்னால் பலருக்குக் கோபம் வரும். ஆனால் யூர்கன் கிளாப்பை லிவர்பூல் எப்படிப் பார்த்தது என்று கவனியுங்கள். 2014-15 சீசனில் அவருடைய ஜெர்மன் கிளப் டார்ட்மண்ட் பிப்ரவரியில் டேபிளின் அடியில் கிடந்தது, கடைசியில் ஏழாவது இடம். அந்த மனிதரின் காலம் முடிந்துவிட்டது என்று பேச்சு. லிவர்பூலின் தரவுப் பிரிவில் இருந்த இயன் கிரஹாம், இயற்பியல் படித்தவர், அந்த சீசனின் ஆட்டங்களை வாய்ப்புகளின் தரத்தை வைத்து எண்ணிப் பார்த்தார். டார்ட்மண்ட் உருவாக்கிய வாய்ப்புகளும் எதிரிக்குக் கொடுத்த வாய்ப்புகளும் ஒரு நல்ல அணிக்குரியவை, கோல்தான் விழவில்லை. அதாவது கோச் செய்கிற வேலை கெடவில்லை, பலன் மட்டும் கெட்டிருந்தது. 2015 அக்டோபரில் பத்தாவது இடத்தில் இருந்த லிவர்பூலை அவர் கையில் எடுத்தார். முதல் சீசன் எட்டாவது இடம்தான். 2019இல் சாம்பியன்ஸ் லீக், 2020இல் 99 பாயிண்டோடு முப்பது வருடத்துக்குப் பிறகு லீக்.

சாபி அலோன்சோ இன்னும் கூர்மையான உதாரணம். ஜெர்மனியின் பேயர் லெவர்குசன் அவரைக் கூப்பிட்ட 2022 அக்டோபரில் அவர் எந்த நாட்டிலும் முதல் பிரிவு அணி எதற்கும் கோச்சாக இருந்ததில்லை. ரியல் சோசியதாதின் பி அணியை மூன்று வருடம் வைத்திருந்தார், 2021இல் இரண்டாம் பிரிவுக்கு ஏற்றினார், 2022இல் அதே அணி கீழே இறங்கியது. அவர் கடைசியாகச் செய்த வேலையின் பலன், காகிதத்தில் பார்த்தால், ஒரு இறக்கம். பதினெட்டு அணிகளில் பதினேழாவது இடத்தில் இருந்த கிளப் அந்த மனிதரை நம்பி எடுத்தது. ஆறாவது இடத்தில் முடித்தார்கள். அடுத்த கோடையில் ஸாக்கா, கிரிமால்டோ, ஹோஃப்மன், போனிஃபேஸ் வந்து சேர்ந்தார்கள், 2023-24 சீசனில் 34 லீக் ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்காமல் அந்தக் கிளப் வரலாற்றிலேயே முதல் முறையாக சாம்பியன் ஆனது. இதில் அலோன்சோவின் பங்கு எவ்வளவோ, அவருக்கு எந்த மாதிரி ஆட்கள் பொருந்துவார்கள் என்று தெரிந்து வாங்கிய ஸ்போர்ட்டிங் டைரக்டர் சிமோன் ரோல்ஃபெஸின் பங்கும் அவ்வளவு.

அப்படியானால் வேலையை எப்படிப் பார்ப்பது? அவர் அணியின் பத்து ஆட்டங்களை எடுங்கள், அதில் பாதி தோற்றவையாக இருக்கட்டும். பந்து எங்கே இருக்கிறதோ அங்கே பார்க்காதீர்கள். அவர்கள் பந்தை இழந்த அடுத்த ஐந்து நொடியை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பறிகொடுத்தவர் கையை விரித்துக்கொண்டு ரெஃபரியைப் பார்க்கிறாரா, திரும்பி ஓடுகிறாரா, பக்கத்தில் இருக்கிற இரண்டு பேர் பந்தை நோக்கி நெருங்குகிறார்களா, தூரத்தில் இருக்கிற ஓரத்து டிஃபெண்டர், அதாவது ஃபுல்பேக், உள்ளே வருகிறாரா. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அந்த ஐந்து நொடியில் அப்பட்டமாகத் தெரியும், யோசிக்க நேரம் இருக்காது அல்லவா. அப்புறம், 0-1 என்று பின்தங்கியிருக்கும்போது 65வது நிமிடத்தில் அவர் என்ன மாற்றுகிறார், மாற்றியது அடுத்த பத்து நிமிடத்தில் என்னவாகிறது. தோற்ற ஆட்டங்களில்தான் இது நன்றாகத் தெரியும்.

அதைவிட முக்கியமானது, அவர் கையில் யார் வளர்ந்தார்கள் என்பது. சரிந்த கிளப்பில் புது ஆட்கள் வாங்க வேண்டிய பணம் இருக்காது, இருந்தாலும் தப்பாகச் செலவாகும். இருக்கிற ஆட்களிலிருந்தே இன்னொரு அணியை வெளியே எடுக்கத் தெரிந்தவர்தான் வேண்டும். நியூகாஸிலில் ஜோலிங்டன் விஷயத்தைப் பாருங்கள். 2019இல் 40 மில்லியன் பவுண்டுக்கு வாங்கிய ஸ்ட்ரைக்கர், அன்றைக்கு கிளப் கொடுத்த அதிகபட்ச விலை, முதல் லீக் சீசனில் இரண்டே கோல். கேலிக்கு ஆளானவர். எடி ஹாவ் வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது, 2021 நவம்பர் 30, நார்விச்சோடு சொந்த மைதானத்தில் ஆட்டம், ஒன்பதாவது நிமிடத்திலேயே டிஃபெண்டர் ஒருவருக்கு சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு ஆட வேண்டிய கட்டாயத்தில் ஜோலிங்டன் மிட்ஃபீல்டுக்குப் பின்வாங்கினார். பந்தைப் பறித்தார், மோதினார், தோளால் ஆளை ஒதுக்கிப் பந்தை முன்னால் கொண்டு போனார். ஆட்டம் 1-1. மற்றொருவர் இதைத் தற்செயல் என்று மறந்துவிட்டு அடுத்த ஆட்டத்தில் அவரைப் பழைய இடத்துக்கே அனுப்பியிருப்பார், ஹாவ் அங்கேயே வைத்துக்கொண்டார். முதல் பதினான்கு லீக் ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லாத அணி அந்த சீசனில் பதினொன்றாவது இடத்தில் முடித்தது. ஜனவரியில் ட்ரிப்பியர், புருனோ கிமரேஷ், டான் பர்ன் என்று நல்ல ஆட்களை வாங்கப் புது முதலாளிகளின் பணம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2025 மார்ச்சில் லிவர்பூலை ஜெயித்து, உள்நாட்டுப் பெரிய கோப்பைக்காக 1955 முதல் காத்திருந்த காத்திருப்பை முடித்த அன்று, மைதானத்தின் நடுவில் எதிரிகளை விரட்டிக்கொண்டிருந்தவர் அந்தப் பழைய ஸ்ட்ரைக்கர்தான்.

லீட்ஸுக்கு மார்செலோ பியெல்சா வந்ததும் இதே வகை. 2018இல் இரண்டாம் பிரிவில் பதின்மூன்றாவதாக முடித்திருந்த கிளப் அது. வேலையை ஏற்கும் முன்பே அந்த அணியின் ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்து வைத்திருந்தார், யார் யார் தேறுவார்கள் என்று அவருக்கு முடிவு இருந்தது. கால்வின் ஃபிலிப்ஸ் என்ற உள்ளூர்ப் பையனை டிஃபென்ஸுக்கு முன்னால் தனியாக நிற்கிற இடத்துக்கு மாற்றினார், ஃபிலிப்ஸ் இங்கிலாந்தின் மேல் பிரிவான பிரீமியர் லீக்கில் ஒரு ஆட்டம் ஆடும் முன்பே இங்கிலாந்துக்கு ஆடிவிட்டார். ஏறக்குறைய பழைய ஆட்களோடே முதல் சீசன் மூன்றாவது இடம், அடுத்த சீசன் 93 பாயிண்டோடு சாம்பியன், பதினாறு வருடம் கழித்து மேல் பிரிவு. வந்த புதிதில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மறக்கவே மறக்காது. ஒரு ரசிகர் டிக்கெட் வாங்க எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கேட்டார். சுமார் மூன்று மணி நேரம் என்றார்கள். ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு மூன்று மணி நேரம் பயிற்சி மைதானத்தைச் சுற்றிக் கிடந்த குப்பையைப் பொறுக்கவைத்தார். சரிந்த கிளப்பில் ஆட்டக்காரர்களுக்கும் ரசிகர்களுக்கும் நடுவில் ஒரு கசப்பு ஊறிப்போயிருக்கும், அதை முதலில் உடைக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர் அவர்.

இன்டர்வியூ விஷயத்தில் எனக்கே ஒரு அனுபவம் உண்டு. சில வருடம் ஒரு சின்ன அமெச்சூர் கிளப்பின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பேசினோம். முதலாமவர் பெயர் உள்ளவர், அழகான ஸ்லைடுகள் காட்டினார், தன்னுடைய ஆட்டத் தத்துவம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார், எங்கள் அணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டாமவர் மடித்த ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார், எங்கள் கடைசி நான்கு ஆட்டங்களைப் பார்த்திருந்தார். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் ரைட் பேக்குக்கு இடது காலில் ஏதாவது அடிபட்டிருக்கிறதா? பந்து உள்பக்கம் வந்தால் இடது காலை ஊன்றித் திரும்பாமல் வெளியே விட்டுவிடுகிறாரே." எங்களில் யாருக்கும் தெரியாது. பிறகு கேட்டுப் பார்த்தால், அந்தப் பையன் இடம் போய்விடுமே என்று கணுக்கால் சுளுக்கை ஒரு மாதமாக மறைத்துக்கொண்டிருந்தான். அப்படியும் நாங்கள் பெயரைத்தான் எடுத்தோம், ஐந்து மாதத்தில் அவர் போய்விட்டார். அன்று ஓட்டுப் போட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால், இப்போது யார் கேட்டாலும் இதையே சொல்கிறேன். வருகிறவர் உங்கள் அணியைப் பற்றி உங்களுக்கே தெரியாத ஒன்றையாவது சொல்ல வேண்டும். போன வேலையில் எங்கே தவறினார் என்று கேளுங்கள், பழியை முதலாளி மீதும் காயங்கள் மீதும் மட்டுமே போடுகிறாரா என்று பாருங்கள். எங்கள் ஸ்குவாடில் யாரை விற்பீர்கள், யாருக்கு இடம் மாற்றுவீர்கள் என்று கேளுங்கள், பெயர் சொல்லிப் பதில் வரவேண்டும். அவர் பழைய கிளப்பின் பிசியோவிடமும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த இரண்டு ஆட்டக்காரர்களிடமும் பேசுங்கள், கேப்டனைவிட இவர்கள் சொல்வதுதான் உபயோகப்படும்.

பழைய நட்சத்திரம் பற்றிச் சுருக்கமாக. பாசம் தகுதி ஆகாது. 2009இல் நியூகாஸிலைக் காப்பாற்ற ஆலன் ஷியரரைக் கூப்பிட்டார்கள், எட்டு ஆட்டத்தில் ஒரே வெற்றி, அணி இறங்கியது. ஊரே நேசித்த மனிதருக்கு அந்த வேதனையைக் கொடுத்திருக்க வேண்டாம். குவார்டியோலாவும் பார்சிலோனாவின் பழைய ஆள்தானே என்பீர்கள், உண்மை, ஆனால் அவர் 2007-08 முழுக்க பி அணியை நான்காம் பிரிவில் நடத்தி ஜெயித்துக் காட்டிவிட்டுத்தான் மேலே வந்தார். கோச்சாக வேலை செய்த பழைய நட்சத்திரம் என்றால் தாராளமாகப் பரிசீலிக்கலாம்.

இனி நீங்கள் கேட்காத ஒரு விஷயம். இரண்டு வருடத்தில் மூன்று மேனேஜர்கள் என்கிறீர்களே, அந்த மூவரையும் தேர்ந்தெடுத்தது யார்? அவரே நான்காமவரையும் தேர்ந்தெடுக்கப் போகிறார் என்றால் இவ்வளவு எழுதியதும் வீண். மான்செஸ்டர் யுனைடெட்டில் 2013இல் நீண்டகால மேனேஜர் ஃபெர்குசன் ஓய்வு பெற்றபோது, ஆட்ட விவகாரங்களைக் கவனித்துவந்த தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் கூடவே போய்விட்டார். டேவிட் மோயஸ் வந்தார், கையில் ஆறு வருட ஒப்பந்தம். அந்தக் கோடையில் கிளப் வாங்கிய பெரிய ஆட்டக்காரர் ஃபெல்லைனி ஒருவர்தான், அவரையும் ஜூலைக்குள் 23.5 மில்லியன் பவுண்டுக்கு எடுத்திருக்கலாம், அந்தக் கெடு தாண்டிப் போனதால் ஆட்டக்காரர்களை வாங்க அனுமதி இருந்த கடைசி நாளில் 27.5 மில்லியன் கொடுத்தார்கள். பத்து மாதத்தில் மோயஸை அனுப்பினார்கள். பிறகு பந்தை வைத்துக்கொண்டு பொறுமையாக ஆடச்சொன்ன வான் கால், அதற்கு எதிர்த்துருவத்தில் மொரின்யோ, அப்புறம் சோல்ஷார், டென் ஹாக், அமோரிம். ஒவ்வொருவரும் தன் ஆட்டத்துக்கு ஏற்ற ஆட்களை வாங்கினார்கள், அடுத்தவருக்கு அவர்கள் பொருந்தவில்லை, விற்கவும் முடியவில்லை. மூன்று டிஃபெண்டர்களை வைத்து ஆடுகிற அமோரிம் வந்தபோது அங்கே இருந்த ஸ்குவாட் நான்கு டிஃபெண்டர்களுக்காகச் சேர்த்தது, 2024-25 முடிவில் பதினைந்தாவது இடம். இத்தனை திறமைசாலிகள் ஒரே இடத்தில் வரிசையாகத் தோற்றார்கள் என்றால் கோளாறு அந்த நாற்காலிக்கு மேல் மாடியில் இருக்கிறது.

பிரைட்டனைப் பாருங்கள். 2022 செப்டம்பரில், சீசன் தொடங்கி ஒரு மாதம் ஆன நிலையில், கிரஹாம் பாட்டரையும் அவருடைய உதவியாளர்களையும் செல்சீ மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போனது. பிரைட்டன் பதறவில்லை. தங்கள் ஆட்டமுறை என்ன, ஸ்குவாட் எதற்காகச் சேர்த்தது என்று தெரிந்திருந்ததால் டி செர்பியைக் கொண்டுவந்தார்கள், அந்த சீசனே ஆறாவது இடம், கிளப்பின் வரலாற்றில் முதல் ஐரோப்பியத் தகுதி. பாட்டரை எடுத்துக்கொண்ட செல்சீ அதே சீசனில் அவரையும் ஏழே மாதத்தில் அனுப்பிவிட்டுப் பன்னிரண்டாவதாக முடித்தது. ஆகவே உங்கள் கிளப் முதலில் கோச்சையும் ஆட்டக்காரர்களையும் தேர்ந்தெடுக்கிற நல்ல ஸ்போர்ட்டிங் டைரக்டரைத் தேடட்டும். அதற்கு இன்னும் ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

கடைசியாகப் பொறுமை. நல்ல ஆளை எடுத்தாலும் நடுவில் ஒரு மோசமான குளிர்காலம் வரும், அது வராமல் கட்டியவர்கள் குறைவு. ஃபெர்குசன் 1986 நவம்பரில் வந்தார், 1990இல் பதின்மூன்றாவது இடம், லீக் கிடைத்தது 1993இல். பிரென்ட்ஃபோர்டில் தாமஸ் ஃபிராங்க் முதல் பத்து ஆட்டத்தில் எட்டு தோற்றார், கிளப் அவரை விடவில்லை, 2021இல் 74 வருடத்துக்குப் பிறகு மேல் பிரிவு. ஆர்டெட்டாவின் ஆர்சனல் 2020 கிறிஸ்துமஸ் அன்று பதினைந்தாவது இடத்தில் இருந்தது, ஏழு லீக் ஆட்டமாக வெற்றி இல்லை. மறுநாள் செல்சீயோடு ஆட்டம். பெரிய சம்பளக்காரர்கள் சிலர் ஆடாத நிலையில் இருபது வயது ஸ்மித் ரோ, பத்தொன்பது வயது சாக்கா, மார்டினெல்லி மூவரையும் இறக்கினார், 3-1. அந்த சீசன் எட்டாவது இடம்தான், ஆனால் அணி எந்தப் பக்கம் போகப்போகிறது என்பது அன்றைக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஒபாமெயாங்கின் கேப்டன் பதவியையே ஒழுங்குக் காரணத்துக்காக அவர் பறித்தபோது நிர்வாகம் பின்னால் நின்றது. 2023, 2024, 2025 மூன்றிலும் இரண்டாவது இடம்.

எவ்வளவு தோற்றாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. தோல்விகளுக்கு நடுவில் வாய்ப்புகளின் தரம் ஏறுகிறதா, ஒரே மாதிரி கோல் திரும்பத் திரும்ப விழுகிறதா, இளைஞர்கள் உள்ளே வருகிறார்களா, ஆட்டக்காரர்கள் இன்னும் அவருக்காக ஓடுகிறார்களா என்று பாருங்கள். இவை நான்கும் தவறான திசையில் போனால் டிசம்பர் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். ஒன்றிரண்டாவது சரியான திசையில் இருந்தால் ரசிகர்கள் கத்தினாலும் விடாதீர்கள்.

உங்கள் கிளப்புக்கு நான் சொல்வது இதுதான். பதின்மூன்றாவது இடம், முழுக் கோடை கையில் இருக்கிறது, ஆகவே தீயணைப்பவர் வேண்டாம். மூன்று பேர் மூன்று விதமாகச் சேர்த்த ஸ்குவாட் என்பதால், இருக்கிறவர்களை இடம் மாற்றி வளர்த்துக் காட்டியவர் வேண்டும். சின்ன பட்ஜெட் கிளப் ஒன்றில் குறைந்தது இரண்டு முழு சீசன் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும், ஒரு பெரிய சறுக்கலையாவது சந்தித்திருக்க வேண்டும், அதைப் பற்றி மறைக்காமல் பேச வேண்டும். நாற்பது வயதுக்காரரா ஐம்பத்தைந்து வயதுக்காரரா என்பது எனக்கு முக்கியமில்லை. ஜூன் முதல் வாரத்துக்குள் கையெழுத்தாக வேண்டும், பயிற்சி தொடங்கும் முதல் நாளில் அவர் மைதானத்தில் இருக்க வேண்டும், விற்கப்போகிறவர்களின் பட்டியல் அதற்குள் தயாராக இருக்க வேண்டும். அப்புறம் நீங்கள் முதல் ஆட்டத்துக்குப் போவீர்கள் அல்லவா, ஸ்கோர்போர்டைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, நம் ஆட்கள் பந்தை இழக்கும் ஒவ்வொரு முறையும் தூரத்தில் இருக்கிற விங்கர் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று மட்டும் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.